முன்னூகி

நினைவுப் பேழையின் விளக்கு மஞ்சளாக எரியும்போது எதிரே நிற்பவர் பேசக்கூடாது என்பது பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் பழகிப்போன மரியாதை. பேருந்து நடத்துநர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். மருந்துக் கடைக்காரர் அலமாரியில் எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காதுக்குப் பின்னால் பொட்டளவே இருக்கும் அந்த விளக்கு பச்சைக்கு மாறியதும், தான் எங்கே நிற்கிறோம், எதற்கு வந்தோம், எதிரே இருப்பவர் யார் என்பதெல்லாம் அந்த மனிதருக்கு வந்து சேர்ந்திருக்கும். பிறகு வழக்கம்போல் வியாபாரம் நடக்கும்.

சங்கரவடிவுக்கு அந்த மரியாதை வீட்டுக்குள்ளேயே தேவைப்பட்டது.

காலையில் காப்பியோடு அவள் முன்னறைக்குள் நுழைவாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நல்லசிவன் திரும்புவார். விளக்கு மஞ்சளாகும். அவர் கண்களில் பயமோ வெறுப்போ இருக்காது. ரயிலில் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்ப்பார். நான்கு நொடி. அந்த நான்கு நொடியில் அவள் அவருக்கு யாருமில்லை.

பிறகு விளக்கு பச்சையாகும். "வடிவு" என்பார். முகம் மலரும். அவளோடு வாழ்ந்த முப்பது வருஷமும் ஒரே வீச்சில் வந்து இறங்கியிருக்கும்.

"இந்த டம்ளர் தென்காசியில வாங்குனோம். நீ ஊதாச் சேலை கட்டிருந்த. தூறல் விழுந்துது. கடைக்காரன் மகளுக்கு அன்னைக்குப் பரீட்சைன்னு சொன்னான்."

எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவளுக்குத்தான் மறந்துபோயிருக்கும்.

ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கும்வரை தடை இருக்காது. பேச்சு வேறு பக்கம் திரும்பினால், அவள் அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தால், மறுபடியும் மஞ்சள். ஒரு நாளைக்குப் பலமுறை அவள் அந்நியமாகி, பலமுறை மனைவியானாள். இரண்டாவதைவிட முதலாவதுதான் அதிகம் மனத்தில் தங்கியது. அதனால் அவள் ஒரு உபாயம் கண்டுபிடித்தாள். அறைக்குள் வருவதற்கு முன்பே, நடையிலிருந்து, "வடிவு வாரேன்" என்று குரல் கொடுப்பாள். நான்கு நொடி சுவரோரம் நிற்பாள். பிறகு உள்ளே வருவாள். அந்தப் பார்வை தன்மேல் விழாமல் சுவர்மேல் விழட்டும் என்று.

நல்லசிவன் பட்டிமன்றப் பேச்சாளர். தென்மாவட்டங்களில் அவர் பெயர் தெரியாத கோயில் கொடை விழா கிடையாது. எதிரணியில் பேசுகிறவரின் கடைசிச் சொல் தரையில் விழுவதற்குள் பதில் சொல்லிவிடுவார் என்று நடுவர்கள் சொல்வார்கள். மூளையில், நினைவைக் காக்கும் இடத்தில் கட்டி வந்தபோது, கட்டியோடு சேர்த்து அந்த இடத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுப்பதற்கு முன் உள்ளே இருந்த அத்தனையையும் நினைவுப் பேழையில் படியெடுத்தார்கள். வெற்றிலைப் பெட்டி அளவுள்ள கருவி. இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு மெல்லிய இழை முதுகு வழியாகக் காதுக்குப் பின்னால் போகும். பழைய நினைவும் அதில்தான், புதிதாக நடப்பதும் அதில்தான் பதியும்.

எந்தப் பேழை வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார்கள். நினைவு மையத்தின் பொறியாளர் ஜுலைகா, மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயதிருக்கும், எதையும் ஊர்க்கணக்கில் விளக்கிச் சொல்வாள்.

"மூளைக்குப் பக்கத்துல எதுவும் சூடாகக் கூடாது சார். வேகமா ஓட்டுனா சூடாகும். அதனால ரெண்டே வழிதான். ஒண்ணு பம்புசெட்டு. ஸ்விட்சப் போட்ட உடனே தண்ணி வரும், ஆனா குழாய் அளவுக்குத்தான் வரும். இவங்க உங்க சம்சாரம், பேரு இது, காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்தாங்க. அவ்வளவுதான். இன்னொண்ணு பாபநாசம் அணை. மடை திறந்து, கடைமடைக்குத் தண்ணி வந்து சேரக் கொஞ்சம் சுணங்கும். ஆனா வரும்போது வாய்க்கா நெறஞ்சு வரும். வாசனை, குரலு, தொட்ட சூடு, எல்லாம் வரும்."

"சுணக்கம்னா எவ்வளவு?" என்று கேட்டாள் சங்கரவடிவு.

"நாலு நொடி மேடம்."

நல்லசிவன் சிரித்தார். "நான் ஆத்துல குளிச்சு வளந்தவன். எனக்கு அணைதான். ஒரு சொல்லுகூட விட்டுப்போகப்படாது."

நான்கு நொடி என்பது எவ்வளவு நீளம் என்று அப்போது மூன்று பேருக்குமே தெரியாது.

சிகிச்சைக்குப் பிறகு முதல் மேடை சங்கரன்கோவிலில். குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா மனைவியா என்ற பழைய தலைப்பு. எதிரணியில் கோலப்பன். இருபது வருஷமாக நல்லசிவனோடு மேடையில் சண்டை போட்டுவிட்டு ஒரே காரில் ஊர் திரும்புகிறவர். கூட்டத்தை இளக்க வேண்டும் என்று அவர் தொடங்கினார்.

"நல்லசிவன் அண்ணாச்சி விட்டுக்கொடுக்கறதப் பத்திப் பேசுதாரு. அவரு வாழ்க்கையில விட்டுக்கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். தலைமுடி."

கூட்டம் சிரித்தது. எல்லோரும் நல்லசிவனைப் பார்த்தார்கள். விளக்கு மஞ்சளாயிற்று. மேடை விளக்கு வெளிச்சத்திலும் அது தெரிந்தது. சிரிப்பு அடங்கியது. கோலப்பன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் யாரோ குழந்தையின் வாயைப் பொத்தினார்கள்.

"கூரை போனா என்ன கோலப்பா" என்றார் நல்லசிவன். "எங்க வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. ஒனக்குக் கூரை மட்டுந்தான இருக்கு."

நல்ல பதில்தான். பழைய நாளாக இருந்தால் பந்தல் அதிர்ந்திருக்கும். இப்போது ஒரு கணம் அமைதி. பிறகு கைதட்டல். நீளமான, ஒழுங்கான கைதட்டல்.

காரில் சங்கரவடிவோடு திரும்பும்போது நல்லசிவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "யாரும் சிரிக்கலட்டி" என்றார்.

"கைதட்டுனாங்கள்லா."

"தட்டுனாங்க. துட்டி கேக்க எழவு வீட்டுக்கு வந்து கையைப் பிடிச்சிட்டுப் போவாங்கள்லா, அதுமாதி."

அதற்குப் பிறகு அவர் மேடைக்குப் போகவில்லை. தெருவுக்குப் போவதும் குறைந்தது. நாலு பேர் நின்று பேசினால், பேச்சு மூன்று கை மாறிய பிறகுதான் அவருடைய பதில் தயாராகும். அதைச் சொல்ல இடம் இருக்காது. வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொள்வார். கொஞ்ச நாளில் வாயைத் திறப்பதையும் விட்டார். உலகமே ஒரு ரயில்போல அவரைவிட நான்கு நொடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் நடைமேடையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில், அவருக்குத் தெரியாமல், சங்கரவடிவும் நின்றாள். பிள்ளை இல்லாத வீடு. அந்த வீட்டின் சத்தமே அவருடைய பேச்சுதான்.

முன்னூகியைப் பற்றிச் சொன்னது ஜுலைகாதான். பேழையைச் சோதிக்க வீட்டுக்கு வந்தவள், நடையில் நின்று சங்கரவடிவு குரல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்தாள்.

"நீங்க செய்யறதையேதான் மேடம் அதுவும் செய்யும். நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே சாருக்குத் தகவல் குடுக்கீங்க. அந்த நேரத்துல ஞாபகம் வந்து சேந்துருது. முன்னூகி, அடுத்து என்ன தேவைப்படும்னு தானே ஊகிச்சு, கேக்கறதுக்கு முன்னாலயே கொண்டாந்து வச்சிரும். வாய்க்கா அகலமும் குறையாது, சுணக்கமும் இருக்காது."

"தப்பா ஊகிச்சா?"

"தப்புன்னு தெரிஞ்ச உடனே அதைக் கொட்டிட்டு, சரியானத எடுத்து வரும். அப்ப மட்டும் நாலு நொடி."

"தப்புன்னு யாருக்குத் தெரியணும்?"

"சாருக்குத்தான்."

வகுப்பாக இருந்தால் மாணவிகளிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பாள் சங்கரவடிவு. அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முன்னூகி பொருத்திய மாலை, அவள் குரல் கொடுக்க மறந்து அறைக்குள் நுழைந்துவிட்டாள். நினைவு வந்து திடுக்கிட்டு நின்றாள். நல்லசிவன் திரும்பக்கூட இல்லை. "வடிவு, அந்த ஜன்னலச் சாத்து. கொசு வருது" என்றார்.

வெறும் கொசுவைப் பற்றிய பேச்சு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சாத்தினாள்.

அடுத்த மாதமே அவர் மேடையேறினார். கோலப்பனுடைய கிண்டல் பாதியில் இருக்கும்போதே பதில் பாய்ந்தது. பந்தல் சிரித்துக் குலுங்கியது. "நான் கேட்டே முடிக்கல மதினி" என்று கோலப்பன் கீழே வந்து வியந்தார். "முன்னாடி இருந்ததவிட வேகம்."

வீட்டிலும் அப்படித்தான். "காப்பி" என்று அவள் தொடங்கும்போதே, "அரை டம்ளர் போதும்" என்பார். "நாளைக்கு" என்றால், "போகத்தான் வேணும், கல்யாண வீடுல்லா" என்பார். பத்தில் ஒன்பது முறை அவள் சொல்ல வந்தது அதுவாகவே இருந்தது. முழு வாக்கியம் பேசுவதே அவளுக்கு மறந்துவிடும்போல் இருந்தது. முதலில் அதை ஒரு செல்லமாகத்தான் எடுத்துக்கொண்டாள். முப்பது வருஷம் வாழ்ந்தவர்களுக்கு இது சகஜம்தானே என்று தோன்றியது.

ஒரு நாள் காய்கறிச் சந்தைக்குப் போன இடத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. யாரோ தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். முழங்கை சிராய்த்து, சேலையெல்லாம் சேறாக வீட்டுக்குள் வந்தாள்.

"ஏங்க, இன்னைக்குச் சந்தையில..."

"வெண்டைக்காய முத்தலாக் குடுத்துட்டானா? நீ ஒடிச்சுப் பாக்காம வாங்குவ. நான் எத்தன மட்டம் சொல்லிருக்கேன்" என்று சிரித்தார்.

"மயங்கி விழுந்துட்டேன்."

"சரி விடு. சாம்பார்ல போட்டாத் தெரியாது."

அவள் எதிரே நின்றாள். சேறு சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பாகத்தான் பார்த்தார். விளக்கு பச்சையாக எரிந்தது.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, தள்ளிப்போட முடியாது, மதுரைக்குப் போய் அறுவை செய்துகொள்ளுங்கள் என்றார். அன்று மாலை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிராக உட்கார்ந்தாள். "வால்வு சுருங்கிட்டாம்" என்று தொடங்கினாள்.

"நானும் பாத்தேன். மாடித் தொட்டி நெறய ஒரு மணி நேரம் ஆவுது. பிளம்பர வரச் சொல்லு."

"தொட்டி இல்லங்க. என் நெஞ்சுல."

"அவன் ஞாயித்துக்கெழம வர மாட்டான். திங்கக்கெழம கூப்பிடு."

அவர் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். அவர் விரல்கள் அவள் சேலைத் தலைப்பைத் தடவின. "இந்தப் பச்சை ஒனக்கு எடுப்பா இருக்குன்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

மறுநாள் அவள் நினைவு மையத்துக்குப் போனாள். ஜுலைகா முழுவதையும் கேட்டுவிட்டு, மேசையில் விரலால் கோடு கிழித்தபடி இருந்தாள்.

"தப்புன்னு அவருக்குத் தெரியும்னு சொன்னியேம்மா."

"தெரியற அளவுக்கு நீங்க பேசறது உள்ள போய்ச் சேரணும்லா மேடம். காது வழியா வர்றது ஒரு கரண்டித் தண்ணி. உள்ளேருந்து வர்றது ஆறு. வழக்கமா நீங்க என்ன சொல்லுவீங்களோ அது, உங்க குரல்லயே, உங்க முகத்தோடயே, முழு அகலத்துல வந்து நிக்கி. கரண்டித் தண்ணி அதுல கரைஞ்சு போயிருது."

"நிறுத்திரு. பழையபடி நாலு நொடியே இருக்கட்டும்."

"அது பேழைப் பொத்தான அழுத்திட்டு சாரு வாயால சொல்லணும். முன்னூகி வேண்டாம்னு. அவரு ஞாபகத்துல வேற யாரும் கை வைக்கப்படாதுன்னு சட்டம். சம்சாரமா இருந்தாலும்." ஜுலைகா தயங்கினாள். "எங்க கணக்குல இது ரொம்ப நல்லா வேலை செய்யற கருவி மேடம். மத்த வீடுகள்லருந்து ஒரு புகாரும் வரல."

பேருந்தில் திரும்பும்போது சங்கரவடிவு அந்த மற்ற வீடுகளைப் பற்றி யோசித்தாள். அங்கேயெல்லாம் மனைவிகளும் கணவர்களும் பிள்ளைகளும் வழக்கமானதையே பேசப் பழகிக்கொண்டிருப்பார்கள். புதிதாக எதுவும் சொல்லாதவரை கருவி தவறுவதில்லை. தானும் இத்தனை மாதம் அப்படித்தானே இருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். முன்னிருக்கையில் ஒரு தாயும் மகனும். மகன் காதுக்குப் பின்னால் விளக்கு பச்சையாக இருந்தது. தாய் பேசாமல் வந்தாள். மகன் மட்டும் அவ்வப்போது, "சரிம்மா, சரிம்மா" என்றான்.

மதுரைக்குப் புறப்பட்ட காலையில் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஒரு வாரத்துக்கு மேல ஆகும். கோலப்பன் சாப்பாடு கொண்டாருவாரு."

"வரும்போது தயிர் வாங்கிட்டு வா" என்றார் அவர்.

கோலப்பனிடம் சாவியைக் கொடுத்திருந்தாள். பக்கத்து உணவகத்திலிருந்து மூன்று வேளையும் எடுத்துப் போவதாக அவர் சொன்னார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நல்லசிவனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். கோலப்பன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சுதான் அவர் தொழில்.

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரிக்கு மாலை வந்தால் ஒரு கூட்டமே வந்துவிடும். அவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தில் இவளுக்கும் ஒன்று தருவார்கள். உங்க வீட்டுல யாரும் வரலையா என்று கேட்டபோது, வெளியூர் என்றாள். தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அது அடிக்கவில்லை. வீட்டில் அவர் தன்னைத் தேடித் தவித்துக்கொண்டிருப்பார் என்று பயமாக இருந்தது. அப்படித் தவித்தால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது. கட்டிலில் கிடந்தபடி இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள்.

திரும்பி வந்த அன்று கோலப்பன் பேருந்து நிலையத்துக்கே ஆட்டோ கொண்டுவந்திருந்தார். பையை வாங்கி வைத்தார். ஆட்டோ கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமினார்.

"மதினி, அண்ணாச்சி ஒரு நாள்கூட நீங்க எங்கன்னு கேக்கல."

"கேக்க மாட்டாருன்னு தெரியும்."

"அதில்ல மதினி. கேக்க வேண்டிய தேவையே அவருக்கு வரல. நான் சாப்பாடு கொண்டுட்டுப் போறப்பல்லாம் உள்ள பேச்சுச் சத்தம் கேக்கும். சிரிப்பு கேக்கும். மொத நாளு, நீங்கதான் போகாம திரும்பிட்டீங்களோன்னு நெனச்சு அடுப்படி வரைக்கும் போய்ப் பாத்தேன்." அவர் வெளியே பார்த்துக்கொண்டார். "யாரும் இல்ல. அடுப்பு சும்மா கெடந்துது. அண்ணாச்சி என்னப் பாத்து, மதினி காப்பி போடுதா, குடிச்சிட்டுப் போன்னாரு."

வீட்டில் நுழைந்தபோது நல்லசிவன் வழக்கமான நாற்காலியில் இருந்தார். எதிரே இன்னொரு நாற்காலி, பேசுவதற்கு வசதியாகத் திருப்பிப் போட்டிருந்தது. தெருவாசல் வழியாக, உடம்பைச் சுவரில் தாங்கிக்கொண்டு வருகிறவளைப் பார்த்து, "காப்பி கொண்டாரேன்னு போனவ, கையை வீசிக்கிட்டு வாரியே" என்றார்.

சங்கரவடிவு போய்ப் படுத்துக்கொண்டாள். முன்னறையில் அவர் பேசுவதும், சிரிப்பதும், பதிலுக்காக இடைவெளி விடுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளிகள் அவள் பேசும் வாக்கியங்களின் நீளத்துக்குச் சரியாக இருந்தன.

பேழையை அவ்வப்போது கழற்றித் துடைத்து, ஆற வைக்க வேண்டும். மையத்தில்தான் செய்வார்கள். அந்த நேரம் நோயாளி பயப்படாமல் இருக்க ஒரு செவிலி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக்குப் பிறகு, சங்கரவடிவே அவர் இடுப்பிலிருந்து அதைக் கழற்றினாள். விளக்கு அணைந்தது.

அவர் தன் கைகளைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நிக்கியளே. உக்காருங்க. இது யாரு வீடு? எனக்கு ஒண்ணும் பிடிபடல."

"நம்ம வீடுதான்."

"அப்படியா. நல்ல காத்து வருது." அவர் கண்கள் அவள் கை இருந்த இடத்தில் நின்றன. "நெஞ்சப் பிடிச்சிருக்கியளே. வலிக்கா?"

சந்தையில் விழுந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மருத்துவர்கள் கேட்டார்கள், அது வேறு. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சேறு, மதுரை, ஆரஞ்சுப் பழம், மயக்க மருந்து கொடுக்கும்போது கூரையில் ஓடிய பல்லி வரைக்கும். அவர் இடையில் ஒரு சொல் சொல்லவில்லை. கடைசிச் சொல்வரை கேட்டார்.

"தொணைக்கு யாரும் வரலையா?"

"இல்ல."

"வீட்டுக்காரரு?"

"இருக்காரு. சொன்னேன். கேக்கல."

"காது கேக்காதோ?"

"காது நல்லாக் கேக்கும்."

அவர் யோசித்தார். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த ஒரு கணம், பேழையை அப்படியே எங்காவது கொண்டுபோய் வைத்துவிடலாமா என்று அவளுக்கு ஆசை வந்தது. இந்த மனிதரோடு இருந்துவிடலாம். தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவர் நகர்ந்து உட்கார்ந்தார். "நிக்கியளே. உக்காருங்க. நெஞ்சப் பிடிச்சிருக்கியளே, வலிக்கா?" என்று அதே அக்கறையோடு கேட்டார். அவள் சொன்னதில் ஒரு துளிகூட அங்கே இல்லை.

கேட்கிறவருக்கு நினைவில்லை. நினைவுள்ளவர் கேட்பதில்லை. பேழையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

"உங்களால எனக்கு ஒரு உதவி ஆகணும்."

"சொல்லுங்க."

மறைக்காமல் சொன்னாள். இந்தப் பெட்டி அவருடையது என்றும், இதற்குள் அவர் இருக்கிறார் என்றும், முன்னூகி எடுக்கப்பட்டால் அவருக்கு மேடை போய்விடும் என்றும் சொன்னாள்.

"அவருட்ட கேட்டா சம்மதிப்பாரா?"

"மாட்டாரு."

"நான் சொன்னாப் போதுமா?"

"குரல் ஒண்ணுதானே. போதும்."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரோ ஒருத்தரு பொருள நான் எடுத்துக் குடுக்கற மாதி இருக்கு" என்றார். "ஆனா நீங்க பொய் சொல்ற ஆளாத் தெரியல." அவள் பேழையின் பொத்தானை அழுத்தினாள். அவர் பெட்டியைப் பார்த்துத் தெளிவாக, முன்னூகி வேண்டாம் என்றார். ஏற்கப்பட்டது என்று அது சொன்னது. ஒரு மனிதனின் நினைவை மற்றவரிடமிருந்து காக்க எழுதிய சட்டத்துக்கு, நினைவே இல்லாதவரும் அதே மனிதர்தான்.

அவள் பேழையை மாட்டினாள். மஞ்சள். அந்தப் பார்வையை அன்று அவள் ஒதுங்காமல் நேராகப் பார்த்தாள். பச்சை.

"வடிவு" என்றார்.

"எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கு."

மஞ்சள். அவள் காத்திருந்தாள். பச்சை. "ஆபரேஷனா? எப்ப?"

கேட்டுவிட்டது. அவளுக்குக் கண் நிறைந்தது. "இந்த மாசம். மதுரையில. பத்து நாளு நான் இங்க இல்ல. நீங்க தனியா இருந்தீங்க."

மஞ்சள். இந்த முறை பச்சை வந்ததும் அவர் சிரித்தார். பிழையைத் திருத்தும் கனிவான சிரிப்பு. "இல்லையே. நீ இங்கதான இருந்த. வெள்ளிக்கெழம சொதி வச்ச. தேங்காப்பால் ஒரு சொட்டுக்கூடத் திரியல. முருங்கைக்காய எனக்குன்னு எடுத்து வச்ச. ராத்திரி முழுக்க ஒன் வளையல்ல இஞ்சி வாசனை."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. ஊகித்தவை வெறுமனே வந்துபோகவில்லை. நடந்ததாகவே பதிந்திருந்தன. முழு அகலத்தில், வாசனையோடு.

அவள் சேலையை விலக்கி, மார்பின் நடுவே ஒட்டியிருந்த காயக்கட்டைக் காட்டினாள். அவர் விரலை அதன் அருகே கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்தினார். மஞ்சள். பச்சை. மறுபடி மஞ்சள். தன் வாழ்க்கை முழுவதிலும் தேடிவிட்டு வந்தார்.

"இது எங்கயும் இல்லையே" என்றார். குரல் மாறியிருந்தது. "எல்லாம் இருக்கு. இது மட்டும் இல்ல."

"இருக்காது."

அவர் விரலை இழுத்துக்கொண்டார். காயக்கட்டைப் பார்த்தார். எதிரே திருப்பிப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளு இங்க என்கூட இருந்தது யாரு?"

சங்கரவடிவு சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அவ எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.

நான்கு நொடி.

"நல்லாத்தான் இருந்தா. ஒண்ணும் குறை சொல்லல. நான் பேசுன எல்லாத்துக்கும் சிரிச்சா." அவர் நிறுத்தினார். பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல, "எனக்கு இனி மனசு அவளத் தேடும் வடிவு" என்றார்.

விளக்கு பச்சையிலிருந்து மாறவில்லை. அதைச் சொல்ல அவர் பேழையிலிருந்து எதையும் எடுத்துவர வேண்டியிருக்கவில்லை.